நனோ சில்வர் ஊற்றிய தொட்டியில்தான் மீன் கூடுதலாகச் செத்தது, ஏன்?

கடிதத்தின் சுருக்கம்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 34. கணவர் கட்டாரில், வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். போன வருடம் காப்பை அடகு வைத்து வளவுக்குள் 8,000 லீற்றர் கொள்ளும் இரண்டு தறப்பாள் தொட்டிகள் போட்டார். தொட்டிக்கு 1,200 திலாப்பியாக் குஞ்சு. ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு நீலப் பரலில் கல்லும் பழைய வலையும் நிரப்பி வடிகட்டி. கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறார்.

மீன் 120 கிராம் அளவுக்கு வந்த நேரம் கச்சான் காற்று (வெக்கையான தென்மேற்கு வறள்காற்று) தொடங்கியது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சிலவற்றுக்குச் செட்டையடியில் சிவந்த புண். நாளுக்கு ஐந்தாறு செத்தது. தீன் விற்கும் கடையில் சொன்னபோது, "1000 பிபிஎம் நனோ சில்வர்" என்று எழுதிய ஒரு லீற்றர்ப் போத்தலைக் கொடுத்திருக்கிறார்கள். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை, 99.9 வீதக் கிருமி சாகும் என்று சொன்னார்களாம். 1,000 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் என்று போத்தலில் இருந்தது. இவர் பயத்தில் இரண்டு மடங்காக, 800 மில்லிலீற்றரை முதலாம் தொட்டியில் ஊற்றினார். மிச்சம் காணாதபடியால் இரண்டாம் தொட்டிக்கு ஊற்றவில்லை.

இரண்டு நாள் தண்ணீர் பளிச்சென்று இருந்ததாம். மூன்றாம் நாள் பால் கலந்த மாதிரி வெளுத்தது. அடுத்த ஆறு நாளில் 430 மீன் போய்விட்டது. "செத்த மீனின் செவுளைத் திறந்து பார்த்தேன் டொக்டர், சிவப்பாக இல்லை, பிளேன்ரீ நிறத்தில் இருந்தது" என்று எழுதுகிறார். அலங்கார மீன் கடையில் வாங்கிய தண்ணீர்ச் சோதனைப் பட்டையால் பார்த்தபோது நைத்திரைற்று லீற்றருக்கு 5 மில்லிகிராம், பிஎச் (அமில-கார அளவு) 8. இரண்டாம் தொட்டியில் மொத்தமாக 90 மீன் செத்து, சாவு தானாகக் குறைந்துவிட்டது. இது நடந்து ஐந்து வாரம். முதலாம் தொட்டியில் இன்னமும் நாளுக்கு மூன்று நான்கு சாகிறது, நைத்திரைற்று இறங்கவில்லை.

இப்போது அதே கடைக்காரர், வெள்ளி பூசிய வடிகட்டிப் பஞ்சை 45,000 ரூபாவுக்கு வாங்கிப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், மாட்டுக்குப் போடும் அன்ரிபயோட்டிக் தூளைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் செப்பு சல்பேற்று என்கிறார். எதை வாங்குவது, மிச்ச மீனை விற்கலாமா, தண்ணீரை எங்கே விடுவது, காசைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பது இவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "மீனை நான் என் கையால்தான் கொன்றேன் என்று கணவர் ஃபோனில் சொல்கிறார்."

தங்கைக்கு,

முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். மீன் மூச்சு வாங்குவதைப் பார்த்த எவரும் கையில் கிடைத்ததை ஊற்றத்தான் செய்வார்கள். நானே இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், வடிகட்டியைக் கழற்றி வைக்காமல் தொட்டிக்குக் கொண்டிஸ் (பொற்றாசியம் பெர்மங்கனேற்று) கரைத்து ஊற்றி, ஒரு குடும்பத்தின் தாய்மீன்கள் முழுவதையும் இழக்கவைத்தேன். அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. நீங்கள் செய்தது தெரியாமல் நடந்த பிழை. ஆனால் நீங்கள் செவுளைத் திறந்து பார்த்தீர்கள், பட்டையால் அளந்தீர்கள், இரண்டு தொட்டியின் சாவையும் தனித்தனியாக எண்ணி எழுதினீர்கள். என்ன நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடியதாக இருப்பது அதனால்தான். கணவரிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்கள் வளவுக்குள்ளேயே ஒரு பரிசோதனை நடந்து முடிந்துவிட்டது. ஒரே கிணறு, ஒரே தீன், ஒரே நோய். மருந்து ஊற்றிய தொட்டியில் 430 சாவு, ஊற்றாத தொட்டியில் 90. "முதலாம் தொட்டியில் நோய் கடுமையாக இருந்திருக்கிறது" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இல்லை. மருந்து ஊற்றும் முன் இரண்டிலும் ஐந்தாறுதான் செத்தது என்று நீங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள்.

பிளேன்ரீ நிறத்தில் செவுள்

உங்கள் கடிதத்திலேயே பெறுமதியான வரி அந்தச் செவுளைப் பற்றியதுதான். மீனின் இரத்தத்திலும் நம்முடையதைப் போல ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இருக்கிறது. நைத்திரைற்று செவுள் வழியாக உள்ளே போனால் அந்த ஹீமோகுளோபின் உருமாறி ஒட்சிசனைச் சுமக்க முடியாததாகிவிடும். இரத்தம் மண்ணிறமாகும். தண்ணீரில் ஒட்சிசன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே உங்கள் மீன்களில் பெரும்பங்கைக் கொன்றது புண் உண்டாக்கிய கிருமி அல்ல, நைத்திரைற்று.

அது எங்கிருந்து வந்தது? நீங்கள் நாளுக்கு 4 கிலோ தீன் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 30 வீதப் புரதமுள்ள தீன் 4 கிலோவிலிருந்து சுமார் 110 கிராம் அமோனியா தண்ணீருக்குள் வரும். 8,000 லீற்றரில் அது லீற்றருக்கு ஏறக்குறைய 14 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். இத்தனை மாதம் மீன் உயிரோடு வளர்ந்ததற்குக் காரணம், அந்த நீலப் பரலுக்குள் கல்லிலும் வலையிலும் வழுவழுப்பாக ஒட்டியிருந்த பற்றீரியா. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை, மீனுக்கு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக மாற்றும். இரண்டாவது கூட்டம் மெதுவாக வளர்வது, எளிதில் அடிபடுவது.

வெள்ளி அந்தப் பரலுக்குள்ளும் போனது. கெட்ட கிருமி எது, உங்களுக்காக இரவு பகலாக உழைக்கிற கிருமி எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் தண்ணீர் பளிச்சென்று இருந்தது, மிதந்த பற்றீரியாவும் பாசியும் செத்ததால். மூன்றாம் நாள் பால் போல வெளுத்தது, அந்தச் செத்த அழுக்கைத் தின்று வேறு பற்றீரியாக்கள் ஒரேயடியாகப் பெருகியதால். அவையும் ஒட்சிசனைக் குடிக்கும். பளிச்சென்ற தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்புவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். குடிக்கிற தண்ணீருக்கு அது சரியாக இருக்கலாம். மீன் தொட்டியின் தண்ணீர் உயிருள்ளது, அதற்குள் வேலை செய்கிற கூட்டம் செத்தால் மீனும் கூடவே போகும்.

"வெள்ளிக் கிண்ணத்தில்தானே பிள்ளைக்குப் பால் பருக்குகிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கிண்ணத்திலிருந்து பாலுக்குள் கரைவது மிக மிகச் சொற்பம், அதுவும் பிள்ளையின் குடலுக்குத்தான் போகிறது. மீனோ தண்ணீரையே செவுளால் மூச்சாக இழுக்கிறது. செவுளின் தோல் நம்முடைய நுரையீரல் மாதிரி மெல்லியது. நன்னீர் மீன் தன் உடலுக்குத் தேவையான உப்பைத் தண்ணீரிலிருந்து செவுள் வழியாகவே பிடித்துக்கொள்கிறது. வெள்ளி அயனி அந்த வாசலை அடைத்துவிடும். குளிர்நாட்டு ரெயின்போ டிரவுட் மீனில், நன்னீரில் லீற்றருக்கு பத்து மைக்கிரோகிராமுக்குக் குறைந்த வெள்ளி அயனியே நாலு நாளில் பாதிக் கூட்டத்தைக் கொல்லக்கூடியது. ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்கிரோகிராம்.

இப்போது உங்கள் கணக்கு. 1000 பிபிஎம் என்றால் ஒரு லீற்றர் போத்தலில் 1,000 மில்லிகிராம் வெள்ளி. நீங்கள் ஊற்றிய 800 மில்லிலீற்றரில் 800 மில்லிகிராம். அதை 8,000 லீற்றருக்குப் பங்கிட்டால் லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம். போத்தலில் சொன்ன அளவை ஊற்றியிருந்தால்கூட 50. திலாப்பியா டிரவுட்டைவிட எவ்வளவோ உறுதியான மீன், நனோ துகள் முழுவதும் உடனே அயனியாகக் கரைவதும் இல்லை, கிணற்றுத் தண்ணீரின் உப்பும் அழுக்கும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் சேர்ந்துதான் உங்கள் மிச்ச மீன்கள் பிழைத்திருக்கின்றன. "நனோ" என்ற சொல் துகளின் பருமனைச் சொல்வது மட்டுமே, பாதுகாப்புக்குச் சான்று அல்ல. துகள் சிறிதாகச் சிறிதாக அதே நிறையில் கரைவதற்கான மேற்பரப்பு கூடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலாம் தொட்டிக்கு 8 கிலோ கல்லுப்பு போடுங்கள். லீற்றருக்கு ஒரு கிராம் என்ற கணக்கு. ஒரு வாளியில் கரைத்து, மூன்று நான்கு மணித்தியாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, காற்றுக்குழாய் கொப்பளிக்கிற இடத்தில் ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டும் நைத்திரைற்றும் செவுளில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுபவை. நைத்திரைற்றைப் போலப் பத்து மடங்கு குளோரைட் தண்ணீரில் இருந்தால் நைத்திரைற்று உள்ளே போவது பெரிதும் தடைப்படும். 5 மில்லிகிராமுக்கு 50 மில்லிகிராம் குளோரைட் போதும். நான் சொன்ன உப்பில் 600 மில்லிகிராம் வரும். திலாப்பியா இந்த உப்பைச் சட்டை செய்யாது. வாவியின் உவர்நீரிலேயே வாழுகிற மீன் அது.

தீனை மூன்று நாளைக்கு முழுவதும் நிறுத்துங்கள். மீன் மெலிந்துவிடும் என்று மாமியார் கவலைப்படுவார், ஒன்றும் ஆகாது. பிறகு நாளுக்கு அரைக் கிலோவில் தொடங்கி, நைத்திரைற்று ஒன்றுக்குக் கீழே இறங்கிய பின்னர்தான் கூட்ட வேண்டும். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு ஏற்ற உப்பை, அதாவது 2,000 லீற்றருக்கு 2 கிலோவை, மறக்காமல் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் தொட்டியின் பரலில் உயிருள்ள வழுவழுப்பு இருக்கிறது. முதலாம் தொட்டியின் பரலைக் காலி செய்து, கல்லைத் தொட்டித் தண்ணீராலேயே அலசி, அதன் அடியில் படிந்த கறுப்புச் சேற்றை முற்றாக அகற்றுங்கள். வெள்ளியின் பெரும்பகுதி அந்தச் சேற்றில்தான் குடியிருக்கும், வடிகட்டி ஐந்து வாரமாகியும் எழும்பாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு இரண்டாம் தொட்டியின் பரலிலிருந்து கால்வாசி வலையை ஈரம் காயாமல் தூக்கி வந்து இதற்குள் போடுங்கள். அந்தத் தொட்டியிலும் புண் நோய் இருந்ததுதான், ஆனால் அந்த நோய் முதலாம் தொட்டிக்கும் பழையது, புதிதாக எதையும் கொண்டு போகப் போவதில்லை. ஒன்றுமில்லாமல் தொடங்கினால் வடிகட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். இப்படி உறை ஊற்றினால் நாட்கள் குறையும். தயிருக்கு உறை குத்துகிற மாதிரித்தான்.

அமோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், உங்கள் பட்டையில் அது இல்லை. ஒரு விசயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: அமோனியாவில் நஞ்சான பங்கு பிஎச்சோடு ஏறும். 30 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட நஞ்சில்லை. உங்களுடைய பிஎச் 8இல் ஏழரைப் பங்கு. பாசி பிடித்த தொட்டியில் பின்னேரத்தில் பிஎச் 9க்குப் போனால் நாற்பத்தைந்து பங்குக்குக் கிட்ட வரும். அதனால் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை அளக்க வேண்டும்.

செத்த மீனைக் கையுறை போட்டு எடுங்கள், புண்ணுள்ள கையால் தொடாதீர்கள். திலாப்பியாவின் முள் குத்திய இடத்தால் மனிதருக்கும் தொற்று ஏற்படுவதுண்டு. வாத்துக்கும் நாய்க்கும் போடாமல், கிணற்றுக்குத் தள்ளி மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அந்த 45,000 ரூபாய்ப் பஞ்சு

வாங்க வேண்டாம். ஆனால் கிருமி கொல்லும் பூச்சுகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை, அவை பொருந்துகிற இடம் இருக்கிறது. ஈரானில் டிரவுட் முட்டை பொரிக்க வைக்கும் தண்ணீரை வெள்ளி பூசிய வடிகட்டி வழியாக ஓடவிட்டு, முட்டையில் பூஞ்சை பிடிப்பதைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி, தீன் இல்லை, மலம் இல்லை. சிலியிலும் ஜப்பானிலும் கடல் கூடுகளுக்குச் செப்புக் கலப்பு உலோக வலைகள் கட்டுகிறார்கள், சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க. அங்கே கடல் ஓயாமல் அலசிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பரலில் நாலு கிலோத் தீனின் கழிவு வந்து விழுகிறது. பூச்சின் மேல் சில நாட்களிலேயே சளிப்படலம் மூடிவிடும். மூடிய பிறகு அது வெறும் பஞ்சுதான். மூடும் வரைக்கும் வெள்ளி கரைந்து மறுபடி அதே நன்மைப் பற்றீரியாவைத்தான் தாக்கும். இரண்டு விதத்திலும் உங்களுக்கு நட்டம். விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "லீற்றருக்கு எவ்வளவு வெள்ளி கரையும், என் வடிகட்டிக்கு என்ன நடக்கும்?" பதில் எழுத்தில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தண்ணீரில் மிதக்கும் கிருமியைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், எனக்கு விருப்பமான வழி புறஊதா விளக்கு. 254 நனோமீற்றர் அலைநீள ஒளி தன்னைக் கடந்து போகிற கிருமியை மட்டும் கொல்லும். கல்லில் ஒட்டியிருப்பவை பத்திரமாக இருக்கும், தண்ணீரில் எதுவும் மிஞ்சாது. ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, விளக்கையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே முதலில் சேறு பிரிக்கும் ஒரு பரல், அப்புறம்தான் விளக்கு. அந்த 45,000 இப்போது என் கையில் இருந்தால், மின்சாரம் போனாலும் ஓடுகிற ஒரு பற்றரிக் காற்றுப் பம்பை வாங்குவேன். உங்கள் மீன் முதன்முதல் வாய் பிளந்தது விடியற்காலையில். அது ஒட்சிசன் குறைகிற நேரம். 30 பாகைத் தண்ணீர் நிறையப் பிடித்தாலே லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும், மீனுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். கச்சான் வெக்கையில் அந்த இடைவெளி இன்னும் ஒடுங்கும். மூச்சுக்குத் தவித்து மெலிந்த மீனைத்தான், எந்தத் தண்ணீரிலும் சாதாரணமாக இருக்கிற பற்றீரியா புண்ணாக்கியது. இரண்டாம் தொட்டியில் கச்சான் ஆறியதும் சாவு தானாகக் குறைந்தது அதற்குச் சாட்சி.

அண்ணன் சொன்ன தூளும், செப்பு சல்பேற்றும்

மாட்டு அன்ரிபயோட்டிக் தூளைத் தண்ணீரில் கரைக்கவே வேண்டாம். பெரும்பாலும் அது ஒட்சிரெற்றாசைக்கிளின். கல்சியமும் மக்னீசியமும் உள்ள கிணற்றுத் தண்ணீரில் இந்த மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு மீனுக்குள் போகாது. மீனுக்குப் போகாத மருந்து வடிகட்டிக்குப் போகும், பிறகு வாய்க்காலுக்கு. வழியில் சந்திக்கிற கிருமிகள் எல்லாம் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்குக் காலில் புண் வந்தால் அதே குடும்பத்து மருந்துதான் கை கொடுக்க வேண்டியிருக்கும். அன்ரிபயோட்டிக் தேவைப்படுகிற மீன் நோய்கள் உண்டு. அப்போதும் கிருமியை வளர்த்துப் பார்த்து, வைத்தியர் எழுதிய அளவில், தீனில் கலந்து, குறித்த நாட்கள் காத்திருந்து விற்பதுதான் முறை. கண் பிதுங்கி, சுழன்று சுழன்று நீந்துகிற மீனைக் கண்டால் காத்திருக்காதீர்கள், அது வேறு கிருமி. உயிரோடு நோயுற்ற மீன் மூன்றை ஒட்சிசன் நிரப்பிய பையில், நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) விரிவாக்க உத்தியோகத்தர் அல்லது உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியர் வழியாகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் மீன் நோய்களும் பார்க்கிறார்கள்.

செப்பு சல்பேற்று ஒட்டுண்ணிக்கும் பாசிக்கும் உதவும், உங்கள் பிரச்சினை இரண்டும் இல்லை. அதன் அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. இது பிஎச் அல்ல, தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன், லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பது. காரத்தன்மையை நூறால் வகுத்து வருவதுதான் லீற்றருக்கான மில்லிகிராம். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது. மாரி மழைக்குப் பிறகு கிணற்றின் காரத்தன்மை இறங்கும், அதனால் ஆடியில் பிழைத்த அளவு மார்கழியில் கொல்லலாம். மலக்கைற் கிறீன் என்ற பச்சைச் சாயத்தை யாராவது தந்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். சாப்பிடுகிற மீனுக்கு அது பல நாடுகளில் தடை. கொண்டிஸையும் போர்மலினையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், சூடேறி நச்சுப்புகை கிளம்பும்.

குளோரின் எங்கே நல்லது

கிருமிகொல்லிக்குச் சரியான இடம் மீனில்லாத தொட்டி. ஒரு தொட்டியை விற்று முடித்துக் காலி செய்ததும், 100 லீற்றர் தண்ணீரில் 65 வீதக் குளோரின் தூள் 31 கிராம் கரைத்தால் லீற்றருக்கு 200 மில்லிகிராம் வரும். அதைச் சுவரிலும் வலையிலும் வாளியிலும் தேய்த்து, ஒரு மணித்தியாலம் விட்டுக் கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கச்சான் வெயிலைவிட மலிவான கிருமிகொல்லி நமக்கு இல்லை. பரலிலுள்ள கல்லுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாரி வரப்போகிறது. வெள்ளம் வடிந்ததும் பீ.எச்.ஐ. மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வந்து கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். குடிதண்ணீருக்கு அது மிகவும் தேவையான வேலை, தடுக்காதீர்கள். ஆனால் அன்றைக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு இறைத்தால் மிச்ச மீனும் போய்விடும். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் குறைந்த குளோரினே மீனின் செவுளைச் சுட்டுவிடும். அவர்களிடம் எந்த நாள் என்று கேட்டு, முதல்நாளே ஒரு தாங்கியில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் தண்ணீரை இரண்டு நாள் காற்றோட்டமாக வெயிலில் வைக்கலாம். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்று, ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு.

தண்ணீரை எங்கே விடுவது, மீனை விற்கலாமா

முதலாம் தொட்டியின் சேற்றையும் முதல் சில நாள் மாற்றுகிற தண்ணீரையும் வாய்க்காலுக்கு விடாதீர்கள். உங்கள் வாய்க்கால் போய் விழுவது வாவியில். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமானது, ஆனால் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற மாதங்களில் உள்ளே போனது வெளியே போவதில்லை. மீனைவிடப் பாசியும் சிறு நீர்ப்பூச்சிகளும்தான் வெள்ளிக்கு முதலில் அடிபடுபவை. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் தின்பது அவற்றைத்தான். அத்தாங்கு போட்டு இறால் வடிக்கிற பெண்களில் உங்கள் ஊரவர்களும் இருப்பார்கள். கிணற்றுக்கும் வயலுக்கும் தள்ளி மேட்டில் ஒரு குழி வெட்டி அதற்குள் விடுங்கள். தண்ணீர் ஊறி இறங்கியதும் சேற்றை மண்ணால் மூடிவிடலாம்.

மிச்ச மீனை இப்போதைக்கு விற்க வேண்டாம். வெள்ளி தசையைவிட ஈரலிலும் குடலிலும் செவுளிலும்தான் கூடத் தங்கும். ஆனால் உணவு மீனுக்கு என்று அனுமதியும் காத்திருக்கும் நாட்களும் குறிக்காத ஒரு பொருளைப் போட்ட மீனை, நோயும் ஓயாத நேரத்தில் சந்தைக்குக் கொண்டு போவது சரியல்ல. சேறு நீக்கி, சாவு நின்று, வடிகட்டி எழும்பிய பின், நக்டா உத்தியோகத்தரிடம் என்ன ஊற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லுகிறபடி செய்யுங்கள். அடகுக்கடை வட்டி ஓடுவது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டாம் தொட்டி மீனில் புண்ணில்லாதவற்றைப் பிரித்து முதலில் விற்கலாம், அதற்கு எந்த மருந்தும் போகவில்லை. அத்தோடு அங்கும் நெருக்கம் குறையும். 8,000 லீற்றரில் 1,200 மீன் உங்கள் வடிகட்டிக்குக் கூட. அடுத்த முறை 500க்கு மேல் விடாதீர்கள்.

காசு கேட்பது

நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதில் உங்களுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. போத்தலை எறியாதீர்கள், அடியில் மிஞ்சியதோடு மூடி வையுங்கள். சிட்டை, லேபலின் படம், "பக்கவிளைவு இல்லை" என்று கடைக்காரர் ஃபோனில் அனுப்பிய செய்தி, நீங்கள் நாள்வாரியாகச் சாவு எண்ணி எழுதிய அந்தக் கொப்பி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

நீங்கள் இரண்டு மடங்கு ஊற்றியது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும், அதை மறைத்து எழுதாதீர்கள். ஆனால் மீன் தொட்டிக்கு என்று விற்ற பொருளில், வடிகட்டியைக் கழற்றச் சொல்லும் எச்சரிக்கையோ, கூடினால் மீன் சாகும் என்ற வரியோ இல்லை என்பது உங்களுக்குச் சாதகம். முதலில் கடைக்காரரிடம் போய், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு, போத்தலின் விலையையாவது கேளுங்கள். அவரும் கொம்பனி சொன்னதை நம்பித்தான் விற்றிருக்கலாம். அவர் அசையாவிட்டால் முறைப்பாட்டை எழுதுங்கள். 430 மீனின் விலை முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வழக்கு, வக்கீல் என்று செலவழிப்பதை நான் சொல்லமாட்டேன்.

உப்புப் போட்ட நாளிலிருந்து ஐந்து நாள், காலை ஆறு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் பிஎச், அமோனியா, நைத்திரைற்று மூன்றையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய சாவையும், செவுளின் நிறத்தையும். ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். செவுள் சிவக்கத் தொடங்கியிருந்தால் தீனை எவ்வளவு கூட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.